முப்பத்தியொரு வலது கை

கை வந்த கதையச் சொல்லோணும்னா கை போன கதையில இருந்துதான் வரோணும், அதனால சித்த பொறுத்துக் கேளுங்க, நடுவுல "அதெப்படி நடக்கும்"னு மட்டும் கேக்காதீங்க, நடந்து முடிஞ்சதைப் பாத்து அது எப்படி நடந்துச்சுன்னு கேக்கற பழக்கம் எங்க செம்மாண்டாம்பாளையம் தொழிற்பேட்டையில ஆருக்கும் கெடையாது.

எங்க பேட்டையில பவர் பிரஸ் ஓடற பட்டறைக பதினொண்ணு. தகட்டை வெச்சு அமுத்தினா வாஷரா விழும், மோட்டார் மூடியா விழும், கதவுக் கீலா விழும். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் ரெண்டு பக்கமா ரெண்டு பட்டன் இருக்கும். ரெண்டு கையாலயும் ரெண்டையும் ஒரே நேரத்துல அமுக்கினாத்தான் மேல இருக்கற இரும்பு கீழ எறங்கும், ரெண்டு கையும் பட்டன் மேல இருந்தா எந்தக் கையும் உள்ள இருக்காது, அந்த மெஷினைச் செஞ்ச புண்ணியவான் அதுக்கோசரந்தான் அப்படிச் செஞ்சான். ஆனா அப்படி அமுக்கினா நிமிசத்துக்கு ஏழு அடிதான் அடிக்க முடியும். வலது பட்டனைக் கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டிட்டா எடது கை பட்டனை அமுக்கும், வலது கை தகட்டை வெக்கும் எடுக்கும், நிமிசத்துக்குப் பதினஞ்சு அடி. மொதலாளிக பதினஞ்சு கேட்டாங்க. எங்க சங்கத் தலைவன் சென்னியப்பன் சரின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தான். அதுல இருந்து எங்க பேட்டையில போன கையெல்லாம் வலது கைதானுங்க.

சங்கம் எங்க சங்கம்ங்க. வெளியாளு ஒருத்தன் கெடையாது, கரைவேட்டி கெடையாது, வக்கீலு கெடையாது, தகடு அடிச்சவங்களே டீக்கடை பெஞ்சுல கூடி ஆரம்பிச்சது. தலைவரா இருக்கற வரைக்கும் மெஷின்ல இருந்து விடுப்பு, பதவி போன மறுநாள் காலையில எட்டு மணிக்குப் பழைய ஸ்டூல்ல வந்து உக்காந்துறோணும், அது மொத விதி. ரெண்டாவது விதி இருக்குது பாருங்க, அதுதான் எங்க குடியக் கெடுத்துச்சு. மொத மகாசபையில எவனோ நாலு பேரு ரெண்டு கையையும் தூக்கிட்டானுக. எண்ணிப் பாத்தா இருக்கற ஆளை விட ஓட்டு அதிகமா இருக்குது. சட்டையப் புடிச்சுக் கிழிச்சுக்கிட்டாங்க. மறுநாளே எல்லாருமா உக்காந்து எழுதினோம்: உறுப்பினர்கள் தமது வலது கையை மட்டும் உயர்த்தி வாக்களிக்க வேண்டும். எழுதின அன்னைக்கு எங்கள்ல ஒருத்தருக்கும் கை போயிருக்கல. நானும் அதுக்குக் கையெழுத்துப் போட்டவதான், அந்த வலது கையாலதான் போட்டேன்.

புரிஞ்சுதுங்களா? கம்பியக் கட்டிக் கையை எடுத்தான், விதியக் காட்டி ஓட்டை எடுத்தான். மூணு வருசத்துக்கு ஒருக்கா மகாசபை கூடறப்ப கை போன முப்பது பேருக்கும் மேடைக்குப் பக்கத்துல தனியா ஒரு வரிசை போட்டு, எல்லாருக்கும் முன்னாடி எங்களுக்கு டீ குடுத்து, "இவங்கெல்லாம் நம்ம சங்கத்தோட கண்ணுங்க"ன்னு மைக்குல சொல்லுவான். நாங்க டீயக் குடிச்சுப் போட்டு அவன் ஜெயிக்கறதைப் பாத்துட்டு ஊட்டுக்கு வருவோம். ஆறு தடவை பாத்தோம்.

என்ற கை போனப்ப எனக்கு இருபத்தேழு வயசு. மாரியாத்தா நோம்பி முடிஞ்ச மறுநாளு. ஆஸ்பத்திரியில மயக்கம் தெளியறதுக்குள்ள சென்னியப்பன் வந்து என்ற எடது கட்டைவிரல்ல மையத் தடவி ஒரு காயிதத்துல உருட்டிட்டுப் போயிட்டான். கம்பிய ஆரும் கட்டச் சொல்லல, மயிலாத்தா தானா ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டான்னு அதுல எழுதியிருந்துச்சாம். அப்புறம் என்னைப் பேக்கிங்ல உக்கார வெச்சாங்க. பதினெட்டு வருசமா ஒத்தைக் கையால அட்டைப்பெட்டி மடிக்கறேன், அவன் என்னைப் பாக்கறப்பவெல்லாம் "சௌக்கியமா அம்மிணி"ம்பான், நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு "சௌக்கியம்ங்க"ம்பேன்.

இவ்வளவு கெட்டியா எதுக்குடா நாற்காலியப் புடிச்சுக்கிட்டு இருக்கறான்னு ஊருக்குள்ள பேசிக்குவாங்க, பதவி ஆசைம்பாங்க, பேராசைம்பாங்க. எனக்குத் தெரியும், அது பயமுங்க. கம்பி கட்டின பிரஸ்ல அவன் ஒரு நாளு கூட உக்காந்ததில்லை, ஆனா அதுல உக்காந்தவங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன வண்டியில முன்னாடி சீட்டுல உக்காந்து போயிருக்கறான். தோத்தா மறுநாள் காலையில அந்த ஸ்டூலு. அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் இருபது வருசமா தலைவனா இருந்தான்.

இந்தத் தடவை நான் நின்னேன். எடது கையாலயே கோணல்மாணலாக் கையெழுத்துப் போட்டு மனுக் குடுத்தேன். தேர்தல் அதிகாரி ரங்கநாத வாத்தியாரு, பள்ளிக்கூடத்துல டிராயிங் சொல்லிக் குடுத்து ரிட்டையர் ஆனவரு, மனுவை வாங்கிக் கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டுப் படிச்சாரு. பக்கத்துல சென்னியப்பன் நின்னுக்கிட்டு இருந்தான்.

"ஏ அம்மிணி மயிலு, ஒத்தைக் கைய வெச்சுக்கிட்டு மாலைய எப்படி வாங்குவே?"ன்னான். அவனோட இருந்த நாலு பேரு சிரிச்சானுக.

"கழுத்து இருக்குதுங்களே தலைவரே, அதுல வாங்கிக்கறேன்"ன்னேன்.

வாத்தியாரு விதிப் பொஸ்தகத்தைப் பெரட்டிப் பாத்துட்டு, "மயிலாத்தா போட்டி போடலாம், தடையில்லை, ஆனா ஓட்டுப் போட முடியாது"ன்னு எழுதி ஒட்டிட்டாரு. எனக்கே எனக்கு ஓட்டுப் போட முடியாத வேட்பாளரு நான். ஞாயத்துக்காக நின்னேன், வரப்போற புள்ளைகளுக்காக நின்னேன்னு பெரிய பேச்செல்லாம் நான் பேச மாட்டேனுங்க. கம்பி அறுபடோணும், அவன் அந்த ஸ்டூல்ல உக்காரோணும், அதை நான் என்ற கண்ணால பாக்கோணும். இது ரெண்டுல எது முக்கியம்னு கேட்டிருந்தா ரெண்டாவதுதான்னு சொல்லியிருப்பேன்.

மனுத் தாக்கல் முடிஞ்சு மூணாம் நாளு, செவ்வாக்கெழமை காலையில, பால்காரரு வந்து போன நேரத்துல, கைக வந்துச்சு. ஸ்கிராப் யார்டுப் பக்கமிருந்து, அஞ்சு விரலையும் ஊனி ஊனி, நண்டு போறாப்பல, ரோட்டோட எடது ஓரமாவே கூட்டமா வந்து, ரேஷன் கடை முக்குல பிரிஞ்சு, அததுக்கு உண்டான ஊட்டுக்குப் போயிருச்சு. ஒண்ணு கூட வழி தப்பல. நாலு தடவை ஊடு மாத்தின கோவிந்தம்மாளோட கை கூட விசாரிக்காம நேரா புது ஊட்டுக்கே போச்சு. நாய்க குலைக்கல, குறுக்க வந்த சைக்கிள்காரன் பிரேக்கப் புடிச்சு வழி விட்டுட்டுப் போனான்.

நான் வாசல் கூட்டிக்கிட்டு இருந்தேன். வந்து சீமாத்துக்கட்டையப் புடிச்சுச்சு. மேலெல்லாம் கிரீஸு, உள்ளங்கையத் திருப்பிப் பாத்தா நோம்பிக்கு வெச்ச மருதாணி வட்டம் அப்படியே செவந்து கெடக்குது. கைக்கு இருபத்தேழு வயசு, எனக்கு நாப்பத்தஞ்சு. "வந்தியா"ன்னேன். வேற என்னத்தைக் கேக்கறது? மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சு, சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவி முறத்துல ஒரு துணிய விரிச்சு உக்கார வெச்சேன். எங்கூட்டுக்காரரு எந்திரிச்சு வந்து பாத்தாரு. கல்யாணத்துல அவரு புடிச்ச கை அது. என்ற மொட்டைக் கையப் பாத்து ஒரு நாளும் மூஞ்சியச் சுளிச்சதில்லை மனுசன், ஆனா அன்னைக்கு அதை மடியில வெச்சுக்கிட்டுக் கேவிக் கேவி அழுதாரு. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக்கூட இருந்துச்சு.

ரெண்டு நாள்ல எல்லாருக்கும் பழகிப் போச்சுங்க. டீக்கடையில ஆளுக்கு ஒரு டம்ளர் குடுக்கறப்ப கைகிட்டயே நீட்ட ஆரம்பிச்சாங்க. டவுன் பஸ் கண்டக்டரு, கைக்கு டிக்கெட் வேண்டாம், ஆனா சீட்டுல வெக்கக் கூடாது, மடியிலதான் வெச்சுக்கோணும்னு சொல்லிட்டாரு. பட்டறை கேட்டுல வாட்ச்மேன் விசிட்டர் நோட்டுல எங்க பேருக்கு நேரா 'கை ஒண்ணு'ன்னு எழுதிட்டு உள்ள விட்டாரு. வளையக்காரி ஒத்தைக் கைக்குன்னு அரை டஜன் கட்டிக் குடுத்தா. டவுன் டாக்டருகிட்டப் போயி ஒட்டிக்கலாமான்னு ரெண்டு பேரு கேட்டாங்க, அவரு ஊசியெடுத்ததுமே கைக மேசைக்கு அடியில போயி உக்காந்துக்கிச்சாம். சரி, இஷ்டமில்லாததை எதுக்கு வற்புறுத்தறதுன்னு கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. கோவிந்தம்மாளோட கைக்கு மட்டும் ஒரு பழக்கம், சோத்துத் தட்டை எடுத்து முன்னாடி வெக்கும், திரும்ப எடுக்கும், வெக்கும், எடுக்கும், நிமிசத்துக்குப் பதினஞ்சு. அவ ஒரு துணிய மடிச்சுக் குடுத்துப் புடிச்சுக்கச் சொல்லி ஒரு வழியா அடக்கினா.

இன்னொண்ணு. சென்னியப்பன்னு பேரு காதுல... கைக்கு ஏதுங்க காது, ஆனா அந்தப் பேரைச் சொன்னாப் போதும், முப்பதும் ஒண்ணாட்டப் பொத்துன்னு மூடி முட்டி கட்டிக்கும். பள்ளிக்கூடத்துப் புள்ளைக இதைக் கண்டுபுடிச்சுட்டு, போற போக்குல "சென்னியப்பன்"னு கத்திட்டு ஓடும்க. நாங்களும் வெய்யக்கூட இல்லை, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு.

முப்பதுன்னு சொன்னேனா, தப்பு, முப்பத்தியொண்ணு. பழனாத்தாளோட புருசன் தங்கவேலு கை போயி நாலு வருசத்துல செத்துப் போனவரு. அவரு கையும் வந்து அவரு போட்டோவுக்குக் கீழ உக்காந்துக்கிச்சு. பழனாத்தா கேட்டைத் தாளிட்டுட்டு ரெண்டு நாளு வேலைக்கே வரல. மூணாம் நாளு வந்தப்ப முந்தானைக்குள்ள கைய வெச்சு மூடிக்கிட்டு வந்தா.

சென்னியப்பன் சும்மா இருப்பானா? புதங்கெழமை ஒரு அட்டைப்பெட்டி நெறைய கிளவுசு வாங்கிக்கிட்டு ஊடு ஊடா வந்தான், கைக்கு ஒரு ஜோடி. ஒத்தைக் கைக்கு எதுக்குடா ஜோடின்னு அவன் கூட வந்தவனுக்கே சந்தேகம். எங்கூட்டுக்கு வந்தப்ப என்ற கை முறத்துல கெடந்துச்சு. "பாத்தியா மயிலு, கடவுளாப் பாத்து அனுப்பியிருக்கறான், பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதே"ன்னு சொல்லிட்டு கிளவுசைப் பக்கத்துல வெச்சான். கை சுண்டுவிரலால அதை ஒரு தள்ளுத் தள்ளிச்சு, போயி சாக்கடையில விழுந்துச்சு. "தலைவருக்குத் தண்ணி வேணுமுங்களா"ன்னு கேட்டேன். வேண்டாம்னுட்டுப் போயிட்டான்.

அப்புறந்தான் ஆபீசுல போயி ஆட்சேபம் எழுதிக் குடுத்தான், அறுந்த கைய ஓட்டுல எண்ணக் கூடாதுன்னு. சேதி பரவி, வேலை முடிஞ்சு வந்தவங்க அத்தனை பேரும் சங்க ஆபீசு வாசல்ல கூடிட்டாங்க. வாத்தியாரு பொஸ்தகத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு நிதானமாச் சொன்னாரு.

"விதியில என்ன இருக்குது? உறுப்பினர் தமது வலது கை. அவங்க கையா? அவங்க கைதான். வலதா? வலதுதான். உடம்போட ஒட்டியிருக்கோணும்னு எங்கீங்க இருக்குது?"

"அதையெல்லாம் எழுதுவாங்களா ஆராச்சும்? அப்ப விதியை மாத்துங்க"ன்னு கத்தினான் சென்னியப்பன்.

"மாத்தலாமே. மகாசபையில வலது கையைத் தூக்கித்தான் மாத்தோணும்"ன்னாரு வாத்தியாரு.

கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. அப்பப் பழனாத்தா முன்னாடி வந்து முந்தானைய விலக்கி அந்தக் கையை மேசை மேல வெச்சா. சிரிப்பு நின்னு போச்சு. வாத்தியாரு சங்கடப்பட்டுக்கிட்டு, "இல்ல கண்ணு, தங்கவேலுதான் இல்லையே. ஆளு இல்லாம கைக்கு மட்டும் எப்படி ஓட்டு?"ன்னாரு.

"ஏனுங் வாத்தியாரய்யா, அவரு உசுரோட இருந்தப்ப மகாசபைக்கு வந்தாரு, ஆளு இருக்குது, கை இல்லை, ஓட்டு இல்லைன்னு சொன்னீங்க. அப்ப ஓட்டு ஆளுக்கில்லை, கைக்குத்தான்னு ஆகுதுங்களா இல்லீங்களா? இப்பக் கை வந்திருக்குது"ன்னா பழனாத்தா. அவ அத்தனை வார்த்தை சேர்ந்தாப்பல பேசி நாங்க கேட்டதே இல்லை.

வாத்தியாரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு, மாட்டினாரு, மறுபடி கழட்டினாரு. கடைசியா வாக்காளர் பட்டியல்ல தங்கவேலு பேரை எழுதி, பக்கத்துல 'கை மட்டும்'னு போட்டாரு. சென்னியப்பன் அப்பவே வேர்த்துப் போனான்.

மகாசபை ஞாயித்துக்கெழமை பதினோரு மணிக்கு, ரயில்வே கேட்டுக்கிட்ட இருக்கற கல்யாண மண்டபத்துல. எங்களுக்கு வழக்கம் போலத் தனி வரிசை, டீயும் வந்துச்சு, அந்த டீய ஒருத்தரும் தொடல. மொதல்ல சென்னியப்பன் பேரு. அவன் வேலை வாங்கிக் குடுத்தவங்க, அவன் சாதிசனம், அவனுக்குப் பயந்தவங்க, பழக்கத்துல தூக்கறவங்க, எல்லாமாச் சேந்து நூத்தி எம்பத்தேழு. அப்புறம் என்ற பேரு. நூத்தி எழுபத்தேழு கை எந்திரிச்சுச்சு, பத்து கொறையுது. அடுத்தாப்பல எங்க வரிசையில, மடியில இருந்தும் பையில இருந்தும் முந்தானை முடிச்சுல இருந்தும் முப்பத்தியொரு கை எந்திரிச்சு, தாங்கறதுக்கு ஒண்ணுமில்லாம வெறுங்காத்துல ஏறி, ஆளு உசரத்தைத் தாண்டி, ஃபேனுக்கு ஒரு மொழம் கீழ வந்து நின்னுச்சு. ஒண்ணுல வளையல், ஒண்ணுல மோதிரம், ஒண்ணுல காப்பு, தங்கவேலு கையில பழனாத்தா கட்டின கறுப்புக் கயிறு. வாத்தியாரு ஸ்கேலை நீட்டி ஒண்ணு ஒண்ணா எண்ணி, ரெண்டாவது தடவையும் எண்ணி, "மயிலாத்தா இருநூத்தி எட்டு"ன்னாரு.

மண்டபமே எந்திரிச்சுக் கத்துச்சு. முப்பது பேரும் எறங்கி வந்த கையோட மிச்சக் கையச் சேத்துத் தட்டினோம், பதினெட்டு வருசங்கழிச்சு நான் கை தட்டினேன், சத்தம் கேக்கக் கேக்க ஆசை அடங்கல. சென்னியப்பன் என்னைப் பாக்கல. தன்ற வலது கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தான், அப்புறம் அதைத் தூக்கிப் பாக்கெட்டுக்குள்ள போட்டுக்கிட்டான்.

திங்கக்கெழமை காலையில அவனுக்குக் காச்சல்னு ஆளு அனுப்பியிருந்தான். முப்பத்தியொரு கையும் ஏழு மணிக்கு அவனூட்டுக்குப் போயிருச்சுக. அவன் சம்சாரம் வசந்தாமணி கதவைத் தொறந்து பாத்துட்டு, "சித்த இருங்க, டிபன் சாப்பிட்டுட்டு வரட்டும்"னு சொல்லி வாசப்படியில பாய் விரிச்சுப் போட்டாளாம், நல்ல பொம்பளை, அவளை ஒரு குத்தமும் சொல்ல முடியாது. அவன் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் கைக பாயில உக்காந்திருந்துச்சு, அப்புறம் சட்டைக்காலருக்கு நாலு, பெல்ட்டுக்கு ஆறு, ரெண்டு மணிக்கட்டுக்கும் மும்மூணு, மிச்சமெல்லாம் பின்னாடி நின்னு தள்ள, பேட்டை மெயின்ரோடு வழியா அவனைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. "காப்பாத்துங்கடா"ன்னு கத்திக்கிட்டு வந்தான். ஊரே ரெண்டு பக்கமும் நின்னு பாத்துச்சு, ஆரும் குறுக்க வரல, மொத விதி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

எங்க பட்டறையில இருபத்தெட்டு பிரஸ். நான் மேனேஜருகிட்டப் போயி, கம்பி கட்டற ஒப்பந்தத்துக்குத் தலைவர் கையெழுத்து இன்னையில இருந்து கெடையாதுன்னேன். அவரு என்னைப் பாத்தாரு, அவனைக் கொண்டாந்து விட்டுட்டு என்ற தோள் மேல வந்து முட்டி கட்டிக்கிட்டு உக்காந்திருந்த கையைப் பாத்தாரு, "எடுத்துருங்கம்மா"ன்னாரு. ஃபிட்டர் ஜோசப்பு கூடவே ஓடியாந்தான்.

"அக்கா, மெயினை ஆஃப் பண்ணிட்டா அரை மணி நேரத்துல மொத்தக் கம்பியும் அறுத்துப் போட்டரலாங்க்கா."

"வேண்டாம் ஜோசப்பு. கட்டிங் பிளேரை இங்க குடு. நானே அறுக்கறேன்."

இருபத்தேழு பிரஸ்லயும் இருந்தவங்களை, நான் வந்து அறுக்கற வரைக்கும் கையை மடியில வெச்சுக்கிட்டு சும்மா உக்காருங்கன்னு சொன்னேன். இருபத்தெட்டாவது சென்னியப்பனோடது, சன்னல் ஓரம். அவனுக்கு மட்டும் ஒண்ணும் சொல்லல. அஞ்சாறு கை அவனோட எடது கையப் பட்டன் மேல வெச்சு அமுக்குச்சு, ரெண்டு கை தகட்டை எடுத்து எடுத்து அவன் வலது கையில குடுத்துச்சு, மிச்சக் கையெல்லாம் மெஷினைச் சுத்தி வரிசையா உக்காந்துக்கிச்சு. நிமிசத்துக்குப் பதினஞ்சு, அவன் கையெழுத்துப் போட்ட அதே பதினஞ்சு. தகடு வை, அமுக்கு, எடு. தகடு வை, அமுக்கு, எடு.

நான் மொத பிரஸ்ல ஆரம்பிச்சேன், இந்தக் கோடியில இருந்து. என்ற வலது கை கம்பி நுனியப் புடிச்சுக்கும், எடது கையில பிளேரு. எடது கைக்கு அவ்வளவு வலு பத்தாது, இருபது வருசமா முறுக்கி முறுக்கிக் கட்டின கம்பி, ஒண்ணை அறுக்கறதுக்குள்ள கை நோவெடுத்துக்கும். வேகமா அறுத்திருக்கலாமுங்க, அறுக்கல. ஒவ்வொண்ணு அறுந்ததும் அந்தப் பிரஸ்காரி எந்திரிச்சு என்ற பின்னாடி வந்து நின்னுக்குவா. பட்டறை முழுக்க ஒரு சத்தமும் இல்லை, அவன் பிரஸ் மட்டும் தட்டுன்னு விழுந்துக்கிட்டு இருந்துச்சு, விழறப்பவெல்லாம் தரை அதிர்ந்துச்சு.

பத்தாவது கம்பியில, "மயிலு, மெயினை நிறுத்தச் சொல்லு"ன்னான். பதினஞ்சாவதுல "தங்கச்சி"ன்னு கூப்பிட்டான். பத்தொம்பதாவதுல கத்திட்டான்.

"கம்பியக் கட்டச் சொன்னது நாந்தான்! மயிலாத்தா கட்டல, ஆரும் கட்டல, நாந்தான் கட்டச் சொன்னேன்! காயிதமெல்லாம் பொய்யி!"

எல்லாருக்கும் கேட்டுச்சு. மேனேஜருக்குக் கூடக் கேட்டுச்சு. பதினெட்டு வருசமா நான் எந்த வார்த்தைக்குக் காத்துக்கிட்டு இருந்தேனோ அந்த வார்த்தை. பின்னாடி இருந்து பழனாத்தா, "போதும் மயிலு, விட்டுரு"ன்னு மெல்லச் சொன்னா. "இன்னும் ஒம்பது கம்பி இருக்குது"ன்னுட்டு நான் இருபதாவதுக்குப் போனேன்.

மத்தியானம் ஆயிப் போச்சு அவன்கிட்டப் போயிச் சேர. சட்டை தொப்பல் தொப்பலா நனைஞ்சு, தலையில இருந்து வேர்வை கண்ணுக்குள்ள ஒழுகுது, தொடைக்க ஒரு கை இல்லை அவனுக்கு. என்னைத் திரும்பிப் பாக்க முடியாது, பாத்தா வலது கை போயிரும். இருபத்தேழு பேரும் பின்னாடி நிக்கறாங்க. கம்பி என்ற பிளேருக்கு ஒரு சாண் தூரத்துல இருக்குது. தகடு வை, அமுக்கு, எடு. உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது, எனக்குச் சந்தோசமா இருந்துச்சுங்க. நாக்குல தித்திக்கற மாதிரி இருந்துச்சு. இன்னும் பத்து அடி போகட்டும்னு நின்னேன். பத்து போச்சு. இன்னொரு பத்துன்னு நின்னேன்.

வேர்வை எறங்கி அவன் கண்ணை மூடிட்டான். ஒரே ஒரு நொடிதான். எடது கை அமுங்கப் போகுது, வலது கை இன்னும் உள்ள இருக்குது, பொம்பளைக அத்தனை பேரும் "ஐயோ"ன்னாங்க, நானும் பாத்தேன், பாத்துக்கிட்டுத்தான் நின்னேன், என்ற எடது கை அசையல. என்ற வலது கைதான் கம்பி நுனிய உட்டுட்டுத் தாவி வந்து, என்ற விரலைப் பிச்சு எடுக்கறாப்பல பிளேரைப் புடுங்கி, ஒரே கடி, கம்பி அறுந்து சன்னல் மேல போயி அடிச்சுச்சு. வலது பட்டன் விடுபட்டு, இரும்பு மேலயே நின்னு போச்சு. அவன் கை அதுக்கடியில இருந்து முழுசா வெளிய வந்துச்சு, அஞ்சு விரலோட. அவன் ஸ்டூல்ல இருந்து சரிஞ்சு தரையில உக்காந்து அந்தக் கைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓன்னு அழுதான்.

வலிச்சதெல்லாம் எனக்குத்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் இத்தனை வருசமா. உள்ள போனது என்ற கைதானுங்களே. அங்க எப்படி இருக்கும்னு அதுக்குத்தான் தெரியும்.

அன்னைக்குச் சாயங்காலம் ஊரே கூடி எனக்கு மாலை போட்டுச்சு. பகையாளியக் கூடக் காப்பாத்திட்டா, பெரிய மனசுக்காரின்னு வாத்தியாரு மைக்குல பேசினாரு, வசந்தாமணி வந்து என்ற கால்ல விழுந்தா, அடுத்த மூணு வருசத்துக்கு இல்லை, ஆயுசுக்கும் மயிலக்காதான் தலைவின்னு கத்தினாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே கும்பிட்டேன். அந்தக் கை இன்னும் எங்கூட்டுலதான் இருக்குது, எங்கூட்டுக்காரருதான் அதுக்கு எண்ணெய் தடவறாரு, சோறு பெசையறாரு, நான் அதோட பேசறதில்லை. கம்பிய அறுத்தது அதுதானுங்க. நான் இன்னும் சித்த நேரம் நின்னிருப்பேன்.